விதித்தவன் முன் வேண்டி நிற்றல்

பொழுது புலர்ந்ததும் யூத சமயத்தவர் ஒருவர் எருசலேம் இருக்கும் திசையை நோக்கி நின்று, மூன்றடி பின்சென்று, பிறகு அரசனுடைய சந்நிதானத்துக்குள் பிரவேசிப்பவரைப் போல மூன்றடி முன்வந்து, இரண்டு பாதங்களையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவர் செவிக்கும் எட்டாத மெல்லிய குரலில் உதடுகளை அசைக்கத் தொடங்குகிறார். நின்றபடியே சொல்லப்படுவதால் ‘அமிதா’ என்று பெயர் பெற்ற இந்தப் பிரார்த்தனை ஆதியில் 18 துதிகளைக் கொண்டிருந்தது. பிற்பாடு ஒன்று சேர்ந்து 19 ஆகிவிட்ட போதிலும் ‘பதினெட்டு’ என்ற பழைய பெயரே இன்றும் வழங்கி வருகிறது. முதல் மூன்றும் இறைவனைப் புகழ்கின்றன. கடைசி மூன்றும் நன்றி கூறி, சமாதானத்தை வேண்டி விடைபெறுகின்றன. இடையிலுள்ள 13 துதிகளிலும் அவர் அறிவைக் கேட்கிறார், பாவ மன்னிப்பைக் கேட்கிறார், நோய் தீர வேண்டும் என்கிறார், நல்ல விளைச்சல் வேண்டும் என்கிறார். இவற்றில் எதையும் அவர் தமக்கென்று தனித்துக் கேட்பதில்லை. எல்லாம் ‘எங்களுக்கு’ என்ற பன்மையிலேயே அமைந்திருக்கின்றன.

இதே மனிதர்தாம், ஆண்டுப் பிறப்பாகிய ரோஷ் ஹஷானா நாளில் உலகத்து மாந்தர் அனைவரும் மேய்ப்பனுக்கு முன் ஒவ்வொன்றாகக் கடந்து போகும் ஆடுகளைப் போல ஆண்டவன் திருமுன் கடந்து போவதாகவும், வரப்போகும் வருஷத்தில் வாழ்பவர் யார், மாள்பவர் யார் என்பது அன்று எழுதப்பட்டுப் பத்தாம் நாளாகிய யோம் கிப்பூரன்று முத்திரையிடப்படுவதாகவும் உறுதியாக நம்புகிறார். ஒருவனுடைய அவ்வருஷத்து ஜீவனத்துக்கான வருமானங்கூட அந்நாட்களிலேயே அளந்து வைக்கப்பட்டுவிடுகிறதென்றும், ஓய்வுநாளுக்கும் பண்டிகைகளுக்கும் செலவிடுவதும் பிள்ளைகளுக்கு வேதம் கற்பிக்கச் செலவிடுவதும் மட்டுமே அந்த அளவுக்குப் புறம்பானவை என்றும் யூதரின் பண்டைய சட்ட விளக்கத் தொகுப்பாகிய தால்முத் கணக்குச் சொல்கிறது. அப்படியானால், எழுதி முத்திரையிட்டு முடித்த ஏட்டின் முன் நாள்தோறும் மூன்று வேளை நின்று அவர் கேட்பது எதை? கேட்கப்படுபவன் சர்வக்ஞன் என்றால் இவருடைய தேவையை இவர் வாய் திறப்பதற்கு முன்பே அறிந்திருப்பான். அவன் சங்கற்பம் மாறாதது என்றால் இந்த முணுமுணுப்பு அதில் எதை அசைத்துவிடப் போகிறது?

கேள்வி புதியதன்று. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த யூத சரித்திரக்காரர் ஜோசீபஸ், தம் மக்களிடையே நிலவிய மூன்று மதப் பிரிவுகளை வேறுபடுத்திக் காட்ட வந்த இடத்தில், விதியைப் பற்றிய அவர்களுடைய அபிப்பிராய பேதத்தையே அளவுகோலாகக் கொண்டார். எல்லாம் விதியின் வழியே நடப்பது என்றனர் எஸ்ஸீனர். விதி என்று ஒன்று இல்லவே இல்லை, நன்மையும் தீமையும் நம் செயலின் விளைவே என்றனர் சதுசேயர். சில காரியங்கள் விதியின் வசம், சில நம் வசம் என்று நடுவழியில் நின்றனர் பரிசேயர். சதுசேயர்களுக்கு நம் கேள்வி எழவே இடமில்லை. தர்க்கப்படி பார்த்தால் பிரார்த்தனையை முதலில் கைவிட்டிருக்க வேண்டியவர்கள் எஸ்ஸீனர்களே. ஆனால் அதே ஜோசீபஸ், கதிரவன் உதிக்கும் முன் உலக விவகாரம் ஒரு சொல்லும் பேசாமல், முன்னோர் வழிவந்த பிரார்த்தனைகளைச் சொல்பவர்களாகவே அவர்களை வருணிக்கிறார். 1947-ஆம் ஆண்டில் சாக்கடலின் ஓரத்துக் குகையொன்றில் ஆட்டிடையர்கள் கண்டெடுத்த தோற்சுருள்கள் எஸ்ஸீனர்களுடையவை என்பது ஆராய்ச்சியாளரிற் பெரும்பாலோர் கொள்கை. முதலில் கிடைத்த அச்சுருள்களுள் ஒன்று, உண்டாகும் பொருள் எதுவும் உண்டாவதற்கு முன்பே அதன் போக்கு முழுவதும் நிர்ணயிக்கப்பட்டுவிட்டதென்று ஐயத்துக்கு இடமின்றிப் போதிக்கிறது; அதனுடன் கிடைத்த மற்றொன்றோ தொடக்கம் முதல் இறுதி வரை இறைவனை விளித்துப் பாடிய நன்றிப் பாடல்களின் தொகுதி. விதியை முற்றிலும் நம்பியவர்கள் பிரார்த்தனையை விட்டுவிடவில்லை என்ற இந்த ஒரு செய்தியே, நம் கேள்வியில் எங்கோ ஒரு பிசகு இருக்கிறது என்று என்னைப் பல நாள் எண்ண வைத்தது.

பரிசேயர் மரபில் வந்த வேத போதகர்களாகிய ரபிமார்கள் இந்த முரண்பாட்டை அவிழ்க்க முயலவில்லை. தெரிந்தே இரு முனைகளையும் கையில் பிடித்துக்கொண்டார்கள். யாவும் முன்னறியப்பட்டவை என்பதையும், மனிதனுக்குச் சுதந்திரம் தரப்பட்டிருக்கிறது என்பதையும் ரபி அகிவா ஒரே மூச்சில் சொன்னார்; அவை எங்ஙனம் பொருந்தும் என்று விளக்கவில்லை. சகலமும் வானத்தின் கையில் இருப்பவை, வானத்துக்கு அஞ்சும் பக்தி ஒன்றே அதற்கு விலக்கு என்றார் ரபி ஹனினா. இவை தத்துவ நூலின் சூத்திரங்களைப் போலத் தோன்றினாலும், அவர்கள் மனம் உண்மையில் குடியிருந்தது கதைகளில்தான்; அக்கதைகளிலும் திரும்பத் திரும்ப வருவது மழை.

இதற்குக் காரணம் அந்த நாட்டின் இயல்பு. எகிப்து தேசத்துக்கு நைல் நதி உண்டு; அங்கே உழவன் காலால் வாய்க்காலைத் திருப்பிப் பயிர் வளர்த்துக்கொள்ளலாம். இஸ்ரவேலருக்கு வாக்களிக்கப்பட்ட பூமியோ வானம் பார்த்த பூமி. குளிர்காலத்து மழை தவறினால் கோடையில் தானியமில்லை. இவ்விரண்டு நாடுகளின் வேற்றுமையை உபாகமம் என்ற வேதப் பகுதியே எடுத்துச் சொல்லி, மழையை நம்பியிருக்கும் நாட்டை இறைவனின் கண் நீங்காத நாடு என்று சிறப்பிக்கிறது. தேவைதான் மனிதனைத் தலைநிமிர்த்தி மேலே பார்க்கச் செய்கிறது என்ற உணர்வு யூதப் பிரார்த்தனையின் வேரில் இருக்கிறது.

அந்த வேரை இன்னும் ஆழமாகத் தோண்டிப் பார்த்தவர்கள் தால்முத் ஆசிரியர்கள். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில், சிருஷ்டியின் மூன்றாம் நாளிலேயே பூமி புல்லையும் மரத்தையும் முளைப்பித்துவிடுகிறது. இரண்டாம் அதிகாரத்திலோ, மனிதன் படைக்கப்படும் சமயம் வரை வயலில் ஒரு செடியும் இல்லை, ஏனெனில் மழை பெய்யவில்லை, நிலத்தைப் பண்படுத்த மனிதனும் இல்லை என்று வருகிறது. ஒன்றோடொன்று பொருந்தாத இவ்விரண்டு கூற்றுகளையும் ரபி அஸ்ஸி இசைவித்த விதம் அற்புதமானது. மூன்றாம் நாளில் முளைகள் எழுந்தது மெய்யே. ஆனால் அவை மண்ணின் வாசலுக்கு வந்து, மேலே வராமல் அங்கேயே காத்து நின்றன. ஆறாம் நாளில் ஆதாம் வந்து, அவற்றுக்காக இரங்கி வேண்டிக்கொண்ட பிறகே மழை பெய்தது, முளைகளும் வெளியே வந்தன. பதினோராம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்துத் துருவா நகரில் வாழ்ந்த மகா உரையாசிரியர் ராஷி இதற்கு மேலும் ஒரு நுட்பம் காட்டுகிறார்: மழை ஏன் பெய்யவில்லை என்றால், மழையின் அருமையை அறிந்து ஏற்க அங்கே யாரும் இல்லை, உலகத்துக்கு அது தேவை என்று உணரும் ஒருவன் வந்து, உணர்ந்து, கேட்ட பிறகே அது இறங்கியது.

இந்தச் சிறு வியாக்கியானத்தில் நம் கேள்விக்கு விடை இருக்கிறது என்பது என் துணிபு. மழையைத் தருவது என்ற சங்கற்பம் ஆதியிலேயே செய்யப்பட்டுவிட்டது. விதை தயார், மண் தயார், மேகம் தயார். மனிதன் கேட்டதால் இறைவன் மனம் மாறிப் புதியதாக ஒன்றைத் தீர்மானித்தான் என்று அக்கதை சொல்லவில்லை. கேட்பவன் ஒருவனுடைய குரல் அந்தச் சங்கற்பத்துக்குள்ளேயே முன்கூட்டி இடம் பெற்றிருந்தது என்றுதான் சொல்கிறது. நாம் கேள்வி கேட்கும்போது, தீர்மானம் ஒரு பக்கம் முடிந்த பொருளாக இருக்க, மனிதன் அதற்கு வெளியே நின்று அதன் மேல் தட்டுவதாக எண்ணிக்கொள்கிறோம். ரபி அஸ்ஸியின் உலகத்திலோ, அந்தத் தட்டுதலும் சேர்ந்தே தீர்மானிக்கப்பட்டது. சாராள், ரெபெக்காள், ராகேல் ஆகிய குலமாதாக்கள் ஏன் பல்லாண்டு மலடிகளாக இருக்க வேண்டியிருந்தது என்று வினவி, நல்லோருடைய பிரார்த்தனையின் மீது இறைவனுக்கு இருக்கும் ஆவலே காரணம் என்று ரபிமார்கள் விடை கூறுவதும் இதே நோக்கில்தான். குழந்தைக்கு ஏங்கிய பெண்ணுக்கு அது எவ்வளவு கடினமான ஆறுதல் என்பதை நான் மறக்கவில்லை.

ஏட்டுப் பேச்சோடு நிற்காமல், பிரார்த்தனைக்கு மெய்யாகவே பலன் உண்டு என்று அந்தச் சமூகம் எவ்வளவு தீவிரமாக நம்பியது என்பதற்கு ஒரு சட்டமே சாட்சி. எருசலேமில் ஆலயம் நின்ற காலத்தில், இலையுதிர்காலப் பண்டிகைக்குப் பாபிலோன் வரையுள்ள தூர தேசத்து யாத்திரிகர்கள் கால்நடையாக வந்து திரும்புவார்கள். பண்டிகை முடிந்ததும் மழையை வேண்டத் தொடங்குவதே உழவனுக்கு உசிதம். ஆனால் கடைசி யாத்திரிகனும் யூப்ரடீஸ் நதியை எட்டும் வரை, அவன் வழியில் நனையாமல் இருப்பதற்காக, 15 நாட்கள் அந்த வேண்டுதலை நிறுத்தி வைக்க வேண்டும் என்று தால்முத்துக்கு அடிப்படையான சட்டத் தொகுதியாகிய மிஷ்னா ஏற்பாடு செய்தது. ஆலயம் அழிந்து, அந்த யாத்திரை நின்று எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. இஸ்ரேல் நாட்டில் இன்றும் மர்ஹெஷ்வான் மாதம் 7-ஆம் தேதி வரை மழை வேண்டும் அந்தச் சொற்களை அமிதாவில் சேர்ப்பதில்லை. வெறும் சம்பிரதாயச் சொல்லாக மட்டுமே பிரார்த்தனையை எண்ணிய மக்கள், யாரோ ஒரு வழிப்போக்கன் நனைவானே என்று அஞ்சி அதைத் தள்ளிப் போட்டிருப்பார்களா? மறுபக்கத்தையும் அவர்கள் கவனித்தார்கள். யோம் கிப்பூரன்று மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் சென்று வெளிவரும் பிரதான ஆசாரியன் செய்யும் சிறு பிரார்த்தனையில், உலகத்துக்கு மழை தேவைப்படும் வேளையில் மழை வேண்டாம் என்று கேட்கும் பிரயாணியின் வேண்டுதலைச் செவிக்கொள்ளாதே என்ற விண்ணப்பமும் இடம் பெற்றிருந்தது.

அப்படியும், எழுதி முத்திரையிட்ட தீர்ப்பு என்னாகிறது என்று விடாமல் கேட்போருக்குத் தால்முத் இன்னொரு மழைக் கதையால் பதில் கூறுகிறது. மக்கள் தீயவர்களாக இருந்த வருஷப் பிறப்பில் அவர்களுக்குச் சொற்ப மழையே விதிக்கப்பட்டுவிட்டது. பின்னர் அவர்கள் மனம் திரும்பினார்கள். விதித்த அளவைக் கூட்ட இயலாது. ஆகவே அந்தச் சொற்ப மழையே உரிய காலத்தில், தேவையான நிலத்தின் மீது பெய்துவிடுகிறது. ஏராளமான மழை விதிக்கப்பட்ட பின் கெட்டுப்போனவர்களுக்கோ, அளவு குறையாமலே, வேண்டாத காலத்தில், வேண்டாத இடத்தில் கொட்டித் தீர்க்கிறது. ஆண்டு முழுமைக்கும் பெய்த அங்குலக் கணக்கு மட்டும் பயிரைக் காப்பாற்றாது, பருவத்தில் பெய்த ஒரு மழையே காப்பாற்றும் என்பதை அறிந்த எந்த விவசாயிக்கும் இதற்கு உரை தேவையில்லை.

மத்திய காலத்துத் தத்துவ ஞானிகளுக்குக் கதை போதவில்லை. ஸ்பெயின் தேசத்தில் 1413-ஆம் ஆண்டு தொடங்கிய தோர்த்தோசா வாதசபையில் யூதர் தரப்பில் பேசியவர்களுள் ஒருவரான யோசேப்பு அல்போ, தீர்ப்பு என்பது ஒருவனுடைய பெயர் மீது எழுதப்படுவதன்று, அவன் இருக்கும் நிலையின் மீது எழுதப்படுவது என்றார். பிரார்த்தனையாலும் நற்செயலாலும் அவன் வேறு நிலையை அடைந்துவிட்டால், தீர்ப்பு அப்படியே இருக்க, அதற்கு உரிய மனிதன் அங்கே இல்லாமற் போய்விடுகிறான். மாறியது மனிதன், இறைவன் மாறவில்லை. அவருக்கு ஆசானாகிய ஹஸ்தாய் கிரெஸ்காஸ் இன்னும் துணிந்தவர். எல்லாம் காரண காரியத் தொடரால் கட்டுண்டவை என்று ஏறக்குறைய முழு விதிவாதத்தையே ஒப்புக்கொண்ட அவர், அந்தத் தொடரில் மனிதனுடைய முயற்சியும் ஒரு காரணமாகக் கோக்கப்பட்டிருப்பதால் முயற்சி வீணாவதில்லை என்று வாதித்தார். இதை எழுதியவர் சுகமான ஆசனத்தில் சாய்ந்துகொண்டு எழுதியவர் அல்லர். 1391-ஆம் ஆண்டில் யூதருக்கு எதிராக எழுந்த கலவரத்தில் பார்சிலோனாவில் தம் ஒரே மகனைப் பறிகொடுத்தவர்.

அல்போவின் விடை அழகானது. எபிரேய மொழியும் அதற்குத் துணை நிற்பதாகப் பலர் காட்டுவார்கள். பிரார்த்தனைக்கு உரிய ‘தெஃபில்லா’ என்ற சொல்லின் தாது நியாயம் தீர்த்தலைக் குறிப்பது. பிரார்த்தித்தலைக் குறிக்கும் வினையோ, செய்பவன் தன் மீதே செய்துகொள்வதைக் காட்டும் வடிவத்தில் அமைந்தது. ஆகவே பிரார்த்திப்பவன் தன்னையே நியாயத் தராசில் நிறுத்திக்கொள்கிறான் என்பது அவர்கள் கூறும் பொருள். ஓய்வுநாளில் அமிதாவின் இடைப்பட்ட 13 வேண்டுதல்களையும் விலக்கிவிட்டு, அந்நாளின் புனிதத்தைப் போற்றும் ஒரு துதியை நடுவில் வைத்து, ஏழே துதிகளோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கமும், கேட்பதே பிரார்த்தனை முழுவதும் ஆகாது என்பதற்குச் சான்று. எனினும் மனிதனைத் திருத்தும் பயிற்சி என்ற மட்டோடு பிரார்த்தனையை நிறுத்திவிட என் மனம் ஒப்பவில்லை. அன்னாளின் சரித்திரம் குறுக்கே நிற்கிறது.

அன்னாள் பிள்ளையில்லாதவள். வருஷந்தோறும் கணவனோடு சீலோவிலுள்ள திருத்தலத்துக்குப் போவாள். வருஷந்தோறும் சக்களத்தியின் ஏளனத்தைக் கேட்டுச் சாப்பிடாமல் அழுவாள். ஒரு வருஷம் அவள் எழுந்து போய், மனக்கசப்போடு தேம்பி அழுது, உதடு மட்டும் அசைய, குரல் வெளிவராமல் வேண்டிக்கொண்டிருந்தாள். ஆசாரியனாகிய ஏலி அவள் மதுமயக்கத்தில் இருப்பதாக எண்ணிக் கடிந்துகொண்டான். தான் குடித்தவள் அல்ல, இதயத்தைக் கொட்டிக்கொண்டிருந்தவள் என்று அவள் நிமிர்ந்து விடை கூறினாள். இவள் வயிற்றில் பிறந்தவனே சாமுவேல் தீர்க்கதரிசி. கி.பி. 70-இல் ரோமானியர் எருசலேம் ஆலயத்தை எரித்து, பலிபீடமும் இல்லாமற் போய், நித்திய பலிகளின் இடத்தில் பிரார்த்தனை நின்றபோது, அதை எவ்வாறு செய்வது என்ற விதிகளை ரபிமார்கள் எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? ஆசாரியர்களின் விதிகளிலிருந்து அல்ல, அரசர்களின் மகத்தான வேண்டுதல்களிலிருந்தும் அல்ல. இருதயம் ஒன்ற வேண்டும், உதடு அசைய வேண்டும், குரல் உயரக் கூடாது என்ற மூன்றையும் இந்த ஏழைப் பெண்ணிடமிருந்தே கற்றார்கள். தொடக்கத்தில் நாம் கண்ட மனிதர் மெல்லிய குரலில் முணுமுணுப்பது அவளைப் பின்பற்றித்தான். ஏடுகள் திறக்கப்படுவதாக நம்பும் அதே ரோஷ் ஹஷானாவின் முதல் நாளில் ஜெபாலயங்களில் அன்னாளின் சரித்திரத்தை வாசிக்கிறார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்காக, எதையும் கேட்கலாம் என்று இச்சமயம் அவிழ்த்துவிடவில்லை. நடந்து முடிந்ததைக் குறித்து மன்றாடுவது வீண் பிரார்த்தனை என்று மிஷ்னா திட்டமாகக் கூறுகிறது. ஊருக்குத் திரும்பி வருகிறவன் ஓலம் கேட்டு, அது என் வீடாக இருக்கக் கூடாதே என்று வேண்டினால் அது அத்தகையது. ஓலம் முன்பே எழுந்துவிட்டது. தன் வீடு இல்லையென்றால் அது அயலான் வீடுதானே! தாவீது அரசன் தன் குழந்தை நோயுற்றபோது தரையில் கிடந்து உபவாசம் இருந்தான். ஏழாம் நாளில் அது இறந்ததும் எழுந்து குளித்து, உடை மாற்றி, இறைவனைப் பணிந்து, பிறகு உணவு கேட்டான். உயிர் இருக்கும் வரை கேட்கலாம். மரண தீர்ப்பை ஏசாயா தீர்க்கதரிசி நேரில் வந்து அறிவித்த பின்னரும் சுவர்ப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுத எசேக்கியா அரசனுக்கு 15 ஆண்டுகள் கூட்டித் தரப்பட்டன. கழுத்தில் கூரிய வாள் வைக்கப்பட்டிருந்தாலும் இரக்கத்தை எதிர்பார்ப்பதை நிறுத்தலாகாது என்பது அவன் வாயில் ரபிமார்கள் வைத்த குலமரபு.

ஆயினும் மறுக்கப்பட்ட பிரார்த்தனைகளும் உண்டு. அவற்றுள் பெரியது மோசேயினுடையது. தொழுநோய் கண்ட தமக்கை மிரியாமுக்காக அவர் கேட்டது எபிரேயத்தில் ஐந்தே சொற்கள்; அவள் குணமானாள். வாக்களிக்கப்பட்ட தேசத்தில் தம் கால் பட வேண்டும் என்று தமக்காக அவர் கேட்டதோ, அவ்வேண்டுதலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லின் எழுத்துகளைக் கூட்டிப் பண்டைய விளக்கவுரை கணக்கிட்டபடி, 515 முறை. இனி இதைப் பற்றி என்னிடம் பேசாதே என்று முடிவாகச் சொல்லப்பட்டது. மலையுச்சியிலிருந்து அந்த நாட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு அவர் இறந்தார். 20-ஆம் நூற்றாண்டில் எருசலேமில் வாழ்ந்த விஞ்ஞானியும் தத்துவ ஞானியுமான யெஷயாகு லெய்போவிட்ஸ், இத்தகைய ஏமாற்றங்களுக்கு இடமே கொடாமல், பிரார்த்தனை என்பது கடமையன்றி வேறில்லை என்றார். மணவறைக்குப் போகும் மணமகனும், மனைவியைப் புதைத்துவிட்டுத் திரும்பும் கணவனும் அதே சொற்களைத்தானே சொல்கிறார்கள் என்று கேட்டார். அவருடைய கண்டிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கணவன் அதே சொற்களைச் சொன்னாலும் அதே குரலில் சொல்வதில்லை. ஆலயம் அழிந்த நாள் முதல் பிரார்த்தனையின் வாயில்கள் மூடிவிட்டாலும் கண்ணீரின் வாயில்கள் மூடவில்லை என்று ரபி எலெயாசர் கூறியது அத்தகையவனை எண்ணித்தான்.

அவனைப் போல் துக்கப்படுவோர் சொல்வதற்கு ‘கத்தீஷ்’ என்ற ஒரு பிரார்த்தனை இருக்கிறது. அராமிய மொழியில் அமைந்த அதில் சாவைப் பற்றி ஒரு சொல் இல்லை, இறந்தவர் பெயர் இல்லை, புகார் இல்லை. இறைவனுடைய நாமம் மகிமைப்பட வேண்டும், அவனுடைய ஆட்சி விரைவில் வர வேண்டும் என்பதே அதன் பொருள். நோயாளியின் படுக்கையருகே கேட்ட எதுவும் கிடைக்காமற்போன ஒருவன், தாயையோ தந்தையையோ புதைத்துவிட்டு வந்து, அந்தச் சொற்களைத்தான் சபை நடுவே எழுந்து நின்று சொல்கிறான். தனியே சொல்ல அவனுக்கு அனுமதியில்லை. பத்துப் பேர் கூடினால்தான் சொல்லலாம். பழைய ஆசாரத்தில் பத்து ஆண்கள் வேண்டும். சீர்திருத்தப் பிரிவுகளில் பெண்களையும் சேர்த்து எண்ணுகிறார்கள். ஆகையால் ஊரில் யாருக்கேனும் துக்கம் நேர்ந்தால், விடியற்காலைப் பனியில் மற்ற ஒன்பது பேரும் எழுந்து வந்தாக வேண்டும். தீயவருக்கு மறுமையில் தீர்ப்புக் காலம் 12 மாதம் என்பது மரபு. தன் பெற்றோர் அவ்வளவு தீயவர் என்று மகனே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடக் கூடாதென்று, அவன் 11 மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறான். அடுத்த நாள் காலையிலும் அவன் ஜெபாலயத்துக்கு வருகிறான். புதிதாகத் துக்கப்பட்ட வேறொருவன் எழுந்து அந்தச் சொற்களைத் தொடங்கும்போது, தன் இடத்திலிருந்து ‘ஆமென்’ என்கிறான்.